மதினிக்கு ஒரு பக்கத்துச் சேதி

என் பிரியமுள்ள மதினிக்கு,

நீங்கள் இருந்தவரை உங்களுக்கு நான் எதுவும் எழுதியதில்லை. எதற்கு எழுத? முதலில் ஒரே வீட்டில் இருந்தோம், பிறகு ஒரு பஸ் தூரத்தில் இருந்தோம். சொல்ல வேண்டியதை எல்லாம் உங்கள் சமையல்கட்டு வாசலில் நின்றே சொல்லிவிடுவேன். இப்போது அங்கே போனால் அண்ணன்தான் நிற்கிறார், ரசத்துக்கு எவ்வளவு புளி போடுவது என்று தெரியாமல்.

இதை நீங்கள் நடத்திய தாளிலேயே போடப் போகிறோம். உங்களைப் பார்த்திராதவர்களும் படிப்பார்கள். அவர்களுக்காக, உங்களுக்கு நன்றாகத் தெரிந்ததையும் உங்களிடமே கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நான் கல்கத்தாவுக்கு வந்தேன். ஜாதவ்பூரில் ஒரு வங்கிக் கிளையில் வேலை கிடைத்து, டிரங்குப் பெட்டியோடு பெஹாலாவில் உங்கள் வீட்டில் வந்து இறங்கினேன். அண்ணனுக்குத் துறைமுகப் பட்டறையில் வேலை. நீங்கள் திருநெல்வேலியிலிருந்து கல்யாணமாகி வந்து வருஷங்கள் ஆகியிருந்தன. பிள்ளைகள் இல்லை, அதைப் பற்றி நீங்களும் பேசியதில்லை, நானும் கேட்டதில்லை. நான் உங்களை மதினி என்று கூப்பிட்டேன். தெருவே உங்களை பௌதி என்று கூப்பிட்டது. அண்ணன் மனைவிக்கு பெங்காலியில் அதுதான் சொல். "ஊரு பூரா எனக்குக் கொழுந்தன்மாருதான், தம்பி" என்று சிரிப்பீர்கள்.

தாள் எப்படித் தொடங்கியது என்று ஆளுக்கு ஒரு கதை சொல்கிறார்கள். நான் கூடவே இருந்தவன். அது ஒரு மழைக்கால ஞாயிற்றுக்கிழமை. பெஹாலா மார்க்கெட்டில் ஹரிபத என்கிற காய்கறிக்காரரிடம் கறிவேப்பிலை வாங்கிக்கொண்டிருந்தீர்கள். பை தூக்க நான் வந்திருந்தேன்.

"பௌதி, உங்க தேசத்துப் பொண்ணு ஒண்ணு போன வாரம் செத்துப்போச்சே. உங்களை அங்க காணோமே?" என்று கேட்டார் ஹரிபத.

"எந்தப் பொண்ணு?"

"உங்களுக்கு ரெண்டு தெரு தள்ளித்தான். என்கிட்டதான் கறிவேப்பிலை வாங்கும். பேச வராது. கையைக் காட்டி வாங்கிட்டுப் போகும்."

பையை அப்படியே என் கையில் கொடுத்துவிட்டு நடந்தீர்கள். அந்த வீட்டில் பூட்டு தொங்கியது. புருஷன் ஏதோ கம்பெனியில் ஒப்பந்த வேலை செய்தவன். காரியத்தை முடித்துவிட்டு ஊருக்குப் போய்விட்டான். அடுத்த வீட்டுக் கதவு திறந்தது. சுப்ரியாதியை அன்றுதான் முதன்முதலில் பார்த்தோம். பெயர் சுப்ரியா, 'தி' என்றால் பெங்காலியில் அக்கா; பள்ளிக்கூடத்தில் டீச்சர். உங்கள் நெற்றிக் குங்குமத்தையும் தாலிக்கொடியையும் பார்த்ததுமே அவருக்குப் புரிந்துவிட்டது.

"நீங்க அந்தப் பொண்ணோட ஆளா?" என்றார். "அவ என் கதவைத்தான் தட்டினா. ஏதோ சொன்னா. பொலிக்குது, பொலிக்குதுன்னு. வயித்தைப் பிடிச்சுக்கிட்டு. நான் பசிக்குதோன்னு நினைச்சேன். புருஷன் ஷிப்டுக்குப் போயிருக்கான், சமைக்கலை போலன்னு சோறு போட்டுக் கொண்டுவந்தேன். அவ தட்டைப் பாத்து அழுதா. மாசமா இருந்தான்னுகூட எனக்குத் தெரியாது. ரத்தத்தைப் பாத்ததுக்கு அப்புறம்தான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனோம்." அப்புறம் உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்: "பொலிக்குதுன்னா என்ன அர்த்தம்? நான் யாரைக் கேட்பேன்னு ஒரு வாரமா தவிச்சுக்கிட்டிருக்கேன்."

வலிக்குது என்று அவள் சொன்னதுதான் அவருடைய பெங்காலிக் காதில் அப்படி விழுந்திருக்கிறது. சொல்லத்தான் வேண்டுமா என்று யோசித்தீர்களோ என்னவோ. கடைசியில், "பேத்தா" என்றீர்கள். வலி.

சுப்ரியாதி அந்த வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். நீங்களும் பக்கத்தில் உட்கார்ந்தீர்கள். மழை தூறிக்கொண்டிருந்தது. முன்பின் தெரியாத இரண்டு பெண்கள், பெயர்கூடத் தெரியாத ஒரு பெண்ணுக்காக அழுததை நான் காய்கறிப் பையோடு நின்று பார்த்தேன்.

வீட்டுக்கு வந்ததும் நீங்கள் சமைக்கவில்லை. அண்ணனிடம், "ரெண்டு தெரு தள்ளி இருந்திருக்கா. நான் தினம் அந்த வழியாத்தான் பால் வாங்கப் போறேன். எனக்குத் தெரியாமப் போச்சே" என்று திரும்பத் திரும்பச் சொன்னீர்கள். அண்ணன், "தெரிஞ்சா போகாம இருந்திருப்பியா? தெரியல, அவ்வளவுதான்" என்றார். ஆறுதலுக்குத்தான் சொன்னார். உங்களுக்கு அந்தத் "தெரியல" ஆறவேயில்லை.

அப்படி வந்ததுதான் "பக்கத்துச் சேதி". ஒரே ஒரு தாள், முன்னும் பின்னும். உங்கள் குண்டுக் கையெழுத்து. ஜாதவ்பூரில் என் வங்கிக்கு எதிரே இருந்த ஜெராக்ஸ் கடையில் நான் நகல் எடுத்து வருவேன். யார் எந்தத் தெருவுக்குப் புதிதாகக் குடிவந்திருக்கிறார்கள், யார் வீட்டில் பிள்ளை பிறந்திருக்கிறது, யார் மெட்ராஸ் ரயிலில் ஊருக்குப் போகிறார்கள், எந்த டாக்டருக்குத் தமிழ் புரியும், எந்த வீட்டு மாடி வாடகைக்கு இருக்கிறது. சாவுச் செய்தியும் இருக்கும். மூலையில் ஒரு கட்டம் கட்டி நாலைந்து பெங்காலிச் சொற்கள். முதல் தாளில் முதல் சொல் எது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

தமிழ் வீடுகளை எப்படிக் கண்டுபிடிப்பது என்று நான் கேட்டேன். "கறிவேப்பிலை வாங்காத தமிழ் வீடு உண்டா, தம்பி?" என்றீர்கள். ஹரிபதவிடம் கட்டைக் கொடுத்தீர்கள். கறிவேப்பிலை கேட்கிறவர்களுக்கெல்லாம் கொத்தோடு ஒரு தாளையும் சுருட்டிக் கொடுத்தார் அவர். அவருக்கு அதில் ஓர் எழுத்துகூடத் தெரியாது. ஆனால் யாராவது வாங்காமல் போனால், "பௌதி எழுதினது, கொண்டு போங்க" என்று விரட்டிப் போய்க் கொடுப்பார். லேக் மார்க்கெட்டிலும் அவருடைய மச்சானைப் பிடித்து ஏற்பாடு செய்துவிட்டார். கொஞ்ச மாதத்தில் ஊரின் மறுகோடி சால்ட் லேக்கிலிருந்தெல்லாம் ஆட்கள் போன் செய்ய ஆரம்பித்தார்கள். ஊரில் இத்தனை பேர் இருந்தோமா என்று நாங்களே ஆச்சரியப்பட்டோம்.

பின்பக்கத்தை பெங்காலியில் எழுத வேண்டும் என்று நீங்கள் சொன்னபோதுதான் சண்டை வந்தது. பொங்கலுக்கு எல்லோரும் ஒரு பள்ளிக்கூட ஹாலில் கூடியிருந்தோம். பெரிய கம்பெனியில் ஆபீசராக இருந்த கோபாலன் சார் எழுந்து நின்றார்.

"அம்மா, நீங்க செய்யறது நல்ல காரியம். ஆனா நம்ம வீட்டு விஷயத்தை அவங்க பாஷையில எதுக்கு எழுதணும்? பிள்ளைங்க ஏற்கெனவே வீட்டுல பெங்காலியில பேசுது. தமிழ் படிக்க ஒரு தாள் வருது, அதையும் பாதியாக்கணுமா?"

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. பலர் தலையாட்டினார்கள். நீங்கள் கூட்டத்தில் பேசிப் பழக்கமில்லாதவர். சேலைத் தலைப்பைக் கையில் சுற்றிக்கொண்டே சொன்னீர்கள்:

"சார், உங்களுக்கு நெஞ்சு வலி வந்தா பெஹாலாவுல இருந்து நான் ஓடி வரவா முடியும்? பக்கத்து வீட்டுக்காரர்தான வருவார். நாம யாரு, எங்க இருக்கோம், என்ன சொன்னா என்ன அர்த்தம்னு அவருக்குத் தெரிய வேண்டாமா?"

கோபாலன் சார் சமாதானமாகவில்லை. அடுத்த மாதத்திலிருந்து தாளை வாங்குவதை நிறுத்திவிட்டார். நீங்கள் பின்பக்கத்தை சுப்ரியாதி கையில் கொடுத்தீர்கள். அவர் அதை வரம் மாதிரி வாங்கிக்கொண்டார்.

நம்மைப் பற்றி அவர் அதில் என்னென்னவோ எழுதினார். ஐப்பசியில் அவர்கள் வீட்டில் விடிகாலையில் எண்ணெய் வாசனை வந்தால் பயப்படாதீர்கள், தீபாவளிக் குளியல் என்று ஒரு முறை. வாசலில் போடும் கோலம் மாந்திரீகம் இல்லை என்று ஒரு முறை. நீங்கள் படித்துக் காட்டச் சொல்லி விழுந்து விழுந்து சிரித்தீர்கள். தமிழ்ச் சொற்களை பெங்காலி எழுத்தில் எழுதி அர்த்தமும் போடுவார். தண்ணி. வலிக்குது. பயமா இருக்கு. வீட்டுக்குப் போகணும்.

அந்தப் பக்கம் யாருக்குப் பயன்பட்டது என்று புதிதாகப் படிக்கிறவர்கள் கேட்கலாம். சங்கரலிங்கம் ஐயா கதையைச் சொல்கிறேன்.

சால்ட் லேக்கில் அரசாங்கக் குடியிருப்பில் இருந்த வசந்தாவின் மாமனார் அவர். மனைவி போன பிறகு தென்காசியிலிருந்து மகன் வீட்டுக்கு வந்தவர். ஞாபகம் தப்ப ஆரம்பித்திருந்தது. ஒரு நாள் காலையில் கதவு திறந்திருக்க, இறங்கி நடந்துவிட்டார். சால்ட் லேக்கில் எல்லாக் கட்டடமும் ஒன்று போலத்தான் இருக்கும். நமக்கே வழி குழம்பும். மறுநாள் வசந்தா உங்களுக்குப் போன் செய்தாள். நான் அன்று உங்கள் வீட்டில் இருந்தேன்.

"அக்கா, மாமாவைக் காணல. போலீஸ்ல சொல்லியாச்சு. இவரு ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியா அலையறாரு. மாமாவுக்குத் தமிழைத் தவிர ஒரு வார்த்தை தெரியாதே."

"அழாத வசந்தா. நான் கேக்கதுக்குப் பதில் சொல்லு. மாமா என்ன சட்டை போட்டிருந்தாவ?"

சொன்னாள்.

"என்ன சொல்லிக் கூப்பிட்டா திரும்பிப் பாப்பாவ?"

எனக்கு அந்தக் கேள்வி தோன்றியிருக்காது, மதினி. போலீசுக்கும் தோன்றவில்லை. வசந்தா ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு, "ஐயான்னு சொன்னா பாப்பாங்க. சாப்பிட்டீங்களான்னு கேட்டா உடனே உக்காந்துருவாங்க. அத்தை அப்படித்தான் கேப்பாங்க" என்றாள்.

சுப்ரியாதி பள்ளிக்கு லீவு போட்டார். மதியத்துக்குள் தாள் தயாராகிவிட்டது. ஒரு பக்கம் தமிழ், ஒரு பக்கம் பெங்காலி, நடுவில் ஐயாவின் போட்டோ. பெங்காலிப் பக்கத்தில் பெரிய எழுத்தில், "இவருக்குத் தமிழ் மட்டும்தான் தெரியும். இவரைப் பார்த்தால் முன்னால் நின்று இதைச் சொல்லுங்கள்" என்று போட்டு, கீழே பெங்காலி எழுத்தில் "ஐயா, சாப்பிட்டீங்களா". ஹரிபத தன் கடையை மூடிவிட்டுப் பசைச் சட்டியோடு பஸ் நிலையத்துக்குப் போனார். கண்டக்டர்கள் டிரைவர் சீட்டுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டார்கள். எப்போதும் "உனக்கு இதே வேலை" என்று முணுமுணுக்கும் அண்ணன், அன்று தானாகவே டிபன் பையில் ஒரு கட்டைத் திணித்துக்கொண்டு ஷிப்டுக்குப் போனார்.

அதற்கு அடுத்த நாள் போன் வந்தது. ஜாதவ்பூரில், பல்கலைக்கழகத்துக்கு வெளியே ஒரு டீக்கடை பெஞ்சில் ஐயா உட்கார்ந்திருந்தார். எப்படி அவ்வளவு தூரம் வந்தார் என்று இன்று வரை யாருக்கும் தெரியாது. பஸ்ஸில் தாளைப் படித்திருந்த ஒரு கல்லூரி மாணவி அவரை அடையாளம் கண்டிருக்கிறாள். முன்னால் போய் நின்று, "ஐயா, ஷாப்பிட்டீங்களா" என்று கேட்டிருக்கிறாள். அவர் நிமிர்ந்து பார்த்து, "இல்லம்மா" என்றாராம். அவளுக்கு அது புரியவில்லை. ஆனால் அவர் கண்ணிலிருந்து தண்ணீர் வந்தது புரிந்திருக்கிறது.

நீங்களும் நானும் வசந்தாவும் போனபோது அவர் ரொட்டியும் ஆம்லெட்டும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அந்தப் பெண்ணின் கையை விடவேயில்லை. மருமகளை அடையாளம் தெரியாமல், அந்தப் பெண்ணைக் காட்டி உங்களிடம் சொன்னார்: "இது நம்ம ஊருப் பிள்ளை. இதுதான் என்னைக் கேட்டுது."

கோபாலன் சார் அடுத்த வாரம் பெஹாலாவுக்கே வந்தார். மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. காபி குடித்துவிட்டு, "அந்த பெங்காலிப் பக்கத்துல எழுத்து பொடிசா இருக்கு. கொஞ்சம் பெரிசாப் போடச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். நீங்கள் கதவைச் சாத்திவிட்டுச் சிரித்த சிரிப்பு எனக்கு இன்னும் காதில் இருக்கிறது.

மதினி, அந்த வருஷங்கள் எப்போது தேய ஆரம்பித்தன? எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. எல்லார் கையிலும் செல்போன் வந்தது. "இனிமே எதுக்குக்கா தாளு, ஒரு போன் அடிச்சா ஆச்சு" என்றார்கள். அடித்தார்களா? ரிடையரானவர்கள் ஊருக்குப் போனார்கள். பிள்ளைகள் பெங்களூருக்குப் போனார்கள். நானும் கோமதியைக் கட்டிக்கொண்டு ஜாதவ்பூருக்கே குடிபோனேன். தாள் மாதத்துக்கு ஒன்று என்பது போய், உங்களுக்கு முடிந்தபோது ஒன்று என்றானது.

அப்புறம் உங்களுக்கு உடம்பு சரியில்லாமல் போனது. ரத்தத்தில் புற்று என்று டாக்டர் சொன்ன அன்று, ஆஸ்பத்திரி வாசலில் ஆட்டோவுக்கு நிற்கும்போது நான் கேட்டேன், தாளில் போடட்டுமா என்று. ரத்தம் கொடுக்கவாவது ஆள் வருவார்களே என்று.

"வேண்டாம் தம்பி. எல்லாரும் பதறி ஓடி வருவாவ. துர்கா பூஜை வரப் போகுது, அவியவியளுக்கு ஆயிரம் சோலி. சரியானதும் நானே எழுதுதேன்."

ரத்தம் தெருவே கொடுத்தது. தெருவில் பூஜை நடத்துகிற கிளப்காரர்கள் முறை வைத்துக்கொண்டு வந்தார்கள். சரியானதும் எழுதுகிறேன் என்று நீங்கள் சொன்னதை நானும் நம்பினேன். உங்கள் பேனாவைத் தலைமாட்டிலேயே வைத்திருந்தீர்களே, நம்பாமல் என்ன செய்ய?

நீங்கள் போன அன்று கல்கத்தாவில் பந்த். யார் கூப்பிட்ட பந்த், எதற்கு என்றெல்லாம் எனக்கு ஞாபகமில்லை. பஸ் இல்லை, ஆட்டோ இல்லை, கடை இல்லை. விடிந்ததும் அண்ணன் போன் செய்து, "முருகேசா, வாடே" என்று மட்டும் சொன்னார். ஜாதவ்பூரிலிருந்து பெஹாலாவுக்கு நானும் கோமதியும் நடந்தே வந்தோம். வழி நெடுக நடந்துகொண்டே போன் போட்டேன். பழைய நம்பர்களில் பாதி மாறிவிட்டிருந்தன. இந்த எண் உபயோகத்தில் இல்லை என்று ஒரு பெண் குரல் மூன்று மொழியில் சொல்லிக்கொண்டே இருந்தது. சில இடத்தில் மணி அடித்தது, எடுக்கவில்லை. வசந்தா குடியிருப்பை விட்டு மாறிப் போயிருந்தாள். புது நம்பர் என்னிடம் இல்லை. எடுத்த ஒன்றிரண்டு பேரும், "ஐயோ, எப்படி வருவோம், வண்டி ஓடலியே" என்று அழுதார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியுமா?

திருநெல்வேலியிலிருந்து உங்கள் தம்பி அன்றைக்குள் வந்து சேர வழியே இல்லை. கோமதிதான் மெல்ல என்னிடம், "பிறந்த வீட்டுக் கோடி போடணுமே. சுமங்கலியாப் போயிருக்காங்க. யாரு கொண்டுவருவா?" என்றாள். அண்ணன் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தலைமாட்டில் இருந்த சுப்ரியாதி, "என்ன வேணும்? உங்க வழக்கம் என்ன? சொல்லு, செய்யறோம்" என்றார். பிறந்த வீட்டிலிருந்து ஒரு புதுச்சேலை வர வேண்டும் என்று நான் சொன்னேன்.

சுப்ரியாதி எழுந்து போனார். கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்தார். கையில் மடிப்புக் கலையாத ஒரு சேலை. சிவப்புக் கரை போட்ட தாந்த் சேலை, இந்த ஊர்க் கைத்தறி. பூஜை அஷ்டமிக்கு உடுத்த என்று வாங்கி வைத்திருந்தது. அதை உங்கள் மேல் போர்த்திவிட்டு, நிமிர்ந்து எங்கள் எல்லோரையும் பார்த்துத் தமிழில் சொன்னார். நீங்கள் கற்றுக்கொடுத்த தமிழ். "நான் அக்கா பிறந்த வீடு."

அதுவரை அழாத அண்ணன் அப்போதுதான் வாய்விட்டு அழுதார்.

ஹரிபதவும் தெரு கிளப்காரர்களும்தான் வண்டி பிடித்து, மறித்த இடத்திலெல்லாம் இறங்கிப் பேசி, மின்மயானத்துக்குக் கொண்டுபோனார்கள். தோள் கொடுத்தவர்களில் என்னையும் அண்ணனையும் தவிரத் தமிழ் பேசுகிறவர் யாரும் இல்லை. திரும்பி வரும்போது வண்டியில் அண்ணன் கேட்டார்: "நம்மாளுக யாருக்கும் தெரியாதால?"

எத்தனை வீட்டுச் சாவை நீங்கள் உங்கள் கையால் எழுதியிருப்பீர்கள்! நீங்கள் எழுதி, ஹரிபத கொடுத்து, ஒவ்வொரு வீட்டுக்கும் ஆள் போய் நின்றிருக்கிறார்கள். உங்களுடையதை எழுத ஆளில்லாமல் போயிற்று.

அதற்குப் பிறகு வந்த மாதங்கள் அதைவிடக் கஷ்டம். வங்கிக் கவுண்டரில் ஓர் அம்மா, "பக்கத்துச் சேதி அக்கா சுகமா? தாளே வரலியே?" என்பார். சொல்லுவேன். மார்க்கெட்டில் ஒருவர் கையைப் பிடிப்பார், "மதினி எப்படி இருக்காங்க, முருகேசன்?" சொல்லுவேன். ஒவ்வொரு முறை சொல்லும்போதும் நீங்கள் அப்போதுதான் போவது போல இருக்கும். எதிரே இருப்பவர் முகம் மாறுவதைப் பார்க்கவே பயந்து, சில நாள் லேக் மார்க்கெட்டைச் சுற்றிக்கொண்டு போனேன். ஹரிபதவின் பாடும் அதேதான். "எல்லாரும் என்கிட்டதான் கேக்கறாங்க. என்னால சொல்ல முடியல. பௌதி ஊருக்குப் போயிருக்காங்கன்னு சொல்லிட்டேன்" என்றார். சொல்லிவிட்டுத் தராசைத் துடைத்துக்கொண்டே நின்றார்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நான் அண்ணனோடு இருந்தபோது, வாசலில் வசந்தா நின்றாள். கையில் தாம்பாளம், பட்டுச்சேலை, தலை நிறையப் பூ. மகளுக்குக் கல்யாணம். "முதல் பத்திரிகை அக்காவுக்குத்தான். மாமாவைத் திருப்பிக் கொடுத்தவங்க. மாமா கடைசி வரைக்கும் எங்க கண் முன்னால இருந்து போனாங்கன்னா அது அக்காவாலதான்" என்று சொல்லிக்கொண்டே உள்ளே வந்தவள், சுவரில் மாலை போட்டிருந்த உங்கள் படத்தைப் பார்த்தாள்.

தாம்பாளத்தைத் தரையில் வைத்தாள். "எப்போ?" என்றாள். அண்ணன் நாளையும் அன்றைய பந்தையும் சொன்னார். "எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா, அண்ணே? நான் நடந்து வந்திருப்பேனே. சால்ட் லேக்குல இருந்து நடந்தே வந்திருப்பேனே" என்று சொல்லிச் சொல்லி அழுதாள். கொண்டுவந்த பத்திரிகையை யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல், கடைசியில் உங்கள் படத்துக்குக் கீழே வைத்துவிட்டுப் போனாள்.

அவள் போன பிறகு அண்ணன் அந்தப் பத்திரிகையை எடுத்து நேராக வைத்தார். அப்புறம், "ஏல, அவ பேனா எங்க இருக்கு?" என்றார்.

"எதுக்குண்ணே?"

"அவ சேதியை நாமதான் போடணும். ஒவ்வொருத்தரா வந்து அந்தப் படத்தைப் பாத்துத் தெரிஞ்சுக்கிடக் கூடாது. அது பாவம்டே. நீ எழுது. எனக்குக் கோர்வையா வராது."

இத்தனை வருஷம் உங்கள் தாளைப் பார்த்து முணுமுணுத்த மனிதர், மதினி. அதனால்தான் எழுதுகிறேன்.

இங்கே உள்ள சேதிகளையும் சொல்லிவிடுகிறேன். சால்ட் லேக் செக்டர் ஃபைவ் கம்ப்யூட்டர் ஆபீஸ்களில் நம்ம ஊர்ப் பிள்ளைகள் கூட்டம் கூட்டமாக வந்திருக்கிறார்கள். அதில் தேன்மொழி என்று ஒரு பெண், ஈரோட்டுக்காரி, ஹரிபதவிடம் கறிவேப்பிலை வாங்கப் போய் விஷயம் தெரிந்து என்னைத் தேடி வந்தாள். கம்ப்யூட்டரில் தமிழ் அடித்துத் தருகிறேன், மெயிலிலும் அனுப்புகிறேன் என்கிறாள். எழுத்து அழகாகத்தான் இருக்கிறது. உங்கள் குண்டுக் கையெழுத்து இல்லாத தாளைப் பார்க்க எனக்கு இன்னும் மனசு ஒப்பவில்லை, பழகிக்கொள்வேன். பின்பக்கம் சுப்ரியாதிதான். கண் மங்கலாகிவிட்டது, ஆனாலும் வேறு யாரையும் எழுத விடமாட்டேன் என்கிறார். உங்களைப் பற்றி என்ன எழுதியிருக்கிறார் என்று கேட்டேன். "அது எனக்கும் அவளுக்கும்" என்றார். ஊரே படிக்கப் போகிறதே என்றேன். "படிக்கட்டும்" என்றார். கோபாலன் சார் தள்ளாமையில் சென்னைக்கே போய்விட்டார். அவருக்குத் தபாலில் ஒன்று அனுப்புவோம்.

நேற்று அண்ணனைத் தேடி வீட்டுக்குப் போனேன். வீடு பூட்டியிருந்தது. பயந்துபோய்த் தெருவில் விசாரித்தேன். மார்க்கெட் பக்கத்து மாடிக்குத் தருமபுரியிலிருந்து ஒரு சின்னஞ்சிறு குடும்பம் வந்திருக்கிறதாம், ஹரிபத சொல்லியிருக்கிறார். அண்ணன் அங்கே போயிருக்கிறார், தனியாக. யார் வீட்டுக் கதவையும் தானாகத் தட்டிப் பழகாத மனிதர். நான் மாடிப்படியில் ஏறிக்கொண்டிருக்கும்போதே அவர் குரல் கேட்டது. அந்த வீட்டுப் பெண் கதவைப் பாதி திறந்து வைத்துக்கொண்டு, யாரோ என்று பயந்து நிற்கிறாள். அண்ணன் செருப்பைக் கழற்றிவிட்டு, வெளியிலேயே நின்று, மூச்சு வாங்கச் சொல்லிக்கொண்டிருந்தார்:

"பயப்படாதம்மா. நான் பக்கத்துச் சேதி அன்னலட்சுமியோட வீட்டுக்காரன். உனக்கு இங்க ஏதும் ஒண்ணுன்னா எங்ககிட்ட சொல்லணும்."

நான் படியிலேயே நின்றுவிட்டேன், மதினி.

அண்ணனைத் தனியாக ஏறி இறங்க விடமாட்டேன். ஒவ்வொரு வீட்டுக்கும் கூடவே போவேன், அவருக்கு மூச்சு வாங்கினால் மிச்சத்தை நான் சொல்வேன். ரசத்துக்குப் புளி எவ்வளவு என்று கோமதி அவருக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டாள். அவரைப் பற்றி நீங்கள் கவலைப்பட வேண்டாம்.

ஜாதவ்பூரிலிருந்து,
உங்கள் மூத்த கொழுந்தன்,
முருகேசன்
(உங்களுக்கு இந்த ஊரில் இன்னும் எத்தனையோ கொழுந்தன்மார்; எல்லோருக்காகவும்)